ஆத்தாவுக்கு ஒரு உத்தரவு

குடிசை வாசலில் வேப்பிலைக் கொத்தைப் பார்த்ததும் கோர்ட்டு அமீனா இராஜாங்கம் செருப்பைக் கழற்றிவிட்டார்.

கையில் உத்தரவு இருந்தது. குடியிருக்கும் மனையைக் கூலியாட்களுக்கே பட்டா போட்டுக் கொடுக்கப் போகிறது அரசாங்கம் என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்குள் ரெத்தினத்தையும் அவன் பெண்டாட்டியையும் கிளப்பிவிட வேண்டும் என்று மிராசுதார் சாரங்கபாணி ஓடியாடி வாங்கிய உத்தரவு. அவரும் குடையோடு பின்னாலேயே வந்திருந்தார்.

காளியம்மாள் நிலைப்படியில் ஈரப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு ஆத்தா வந்திருக்காங்க. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் வீடு அவங்களுதுங்க. எதுவானாலும் அவங்ககிட்டயே படிச்சுடுங்க.”

இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் இராஜாங்கம் குடிகாரனுக்குப் படித்திருக்கிறார், செவிடனுக்குப் படித்திருக்கிறார். சாமிக்குப் படித்ததில்லை.

ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “தாயே” என்று ஆரம்பித்தார். ‘பிரதிவாதி’ என்று வந்த இடத்தில் நாக்கு கூசியது. ‘தாங்கள்’ என்று மாற்றிக்கொண்டார்.

தாங்கள் மேற்படி இடத்தை இன்றே காலி செய்து வெளியேற வேண்டும்.

“வெளியேறி எங்கங்க போவாங்க?” என்று கேட்டாள் காளியம்மாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. மாடி வீடு.

சாரங்கபாணி குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆத்தா எத்தனை நாள் வேண்டுமானாலும் இங்கேயே இருக்கட்டும் என்றார். பத்து இளநீர் அனுப்பி வைப்பதாகவும் சொன்னார்.

கீழ்வேளூர் பஸ் நிறுத்தத்தில் இராஜாங்கம் நாகப்பட்டினம் வண்டிக்காக நின்றபோது, சட்டைப்பையில் பேனாவைப் பார்த்துவிட்டு ஒருவன் அருகில் வந்தான். தாலுகா ஆபீசில் கொடுக்க வேண்டிய மனுவாம், கொஞ்சம் நிரப்பித் தர வேண்டுமாம்.

பட்டா மனு.

பெயர் கேட்டார். ரெத்தினம்.

மனைவி பெயர் கேட்டார். காளியம்மாள்.

இராஜாங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முகத்திலும் சரி, கையிலும் சரி, ஒரு முத்துகூட இல்லை.

‘வீட்டில் குடியிருப்போர்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“நாங்க ரெண்டே பேருதாங்க,” என்றான் அவன்.

இராஜாங்கம் ‘மூன்று’ என்று எழுதி, மையை ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.