கதவு சாத்தும் கால் மணி நேரம்

"மெதுவா... வலிக்குதும்மா."

"ஆடாதீங்க அத்தை. ஆடினா இன்னும் வலிக்கும்."

அம்மாவின் அறைக்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. வெளியே டீ கப்போடு நின்ற மகளுக்குத் திக்கென்றது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு முந்தின நாள்தான் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு வலது கை தூக்க வராது. இடது கையில் ஓயாத நடுக்கம். பேச்சு மட்டும் தப்பித்தது. ஒரு பார்வையிலேயே பள்ளிக்கூடத்தை அடக்கிய ஹெட்மிஸ்ட்ரஸுக்கு இப்போது யாராவது ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மருமகள் வெளியே வந்தாள்.

"உள்ளே என்ன நடந்தது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. அத்தைக்கு முகம் கழுவிவிட்டேன்."

"முகம் கழுவினா வலிக்குமா?"

மருமகள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அம்மாவின் தாடையும் மேல் உதடும் கன்றிச் சிவந்திருந்தன. ஏதோ களிம்பு தடவியிருந்தது.

"இது என்னம்மா? கிள்ளினாளா?"

"போடி. வெயில் காலம், தோல் சிவந்திருக்கு."

சொல்லிவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாழ்நாளில் பொய் சொல்லாத அம்மாவையே பொய் சொல்ல வைத்துவிட்டாளே என்று மகளுக்குக் கோபம் வந்தது.

மறுநாளும் அதேதான். தம்பி வேலைக்குக் கிளம்பி அவன் வண்டிச் சத்தம் அடங்கியதும் கதவு சாத்திக்கொண்டது. மகள் தட்டினாள்.

"பத்து நிமிஷம் அண்ணி."

"இப்பவே திற."

"நீ போடி" என்றது அம்மாவின் குரல். அந்தக் குரல் கெஞ்சுவதுபோல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் தம்பி செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டாள். அவன் முதலில் நம்பவில்லை. அம்மாவின் முகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மனைவியைக் கூப்பிட்டான்.

"கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்றே?"

"அது எனக்கும் அத்தைக்கும் உள்ள விஷயம். கேக்காதீங்க."

"அம்மாவை அடிக்கிறியா?"



"எட்டு வருஷம் கூட இருந்துட்டு நீங்களே இப்படிக் கேட்டா, நான் என்னன்னு சொல்ல?"

"பார்த்தியா, இல்லைன்னு சொல்ல வாய் வரலை" என்றாள் அக்கா.

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "இனிமே நீ அம்மா ரூமுக்குப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அக்கா கூடவே அம்மாவை அனுப்பிடறேன்."

மருமகள் தலையை ஆட்டினாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த நான்கு நாளும் மகளே எல்லாம் செய்தாள். ஆனால் அம்மா என்னவோபோல் ஆகிவிட்டாள். எந்நேரமும் துண்டை மூக்குவரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டாள். ஊட்டும்போதுகூட நடுங்கும் கையால் தாடையை மறைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தாள்.

"வேர்க்குதேம்மா, துண்டை எடு. முகம் துடைச்சுவிடறேன்."

"வேண்டாம். நானே துடைச்சுக்கறேன்."

பக்கத்து வீட்டு டீச்சர் பார்க்க வந்தபோது, தூங்குவதாகச் சொல்லி அனுப்பச் சொன்னாள்.

"பாவம்டா, அடிபட்ட பயம் இன்னும் தெளியலை" என்று மகள் தம்பியிடம் சொல்லி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கார் வாசலுக்கு வந்தது. மருந்துப் பை, துணிப் பை எல்லாம் ஏறியாயிற்று. தம்பி அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கூடம்வரை தள்ளிக்கொண்டு வந்தான். மருமகள் சமையலறை வாசலைத் தாண்டவில்லை.

போகிற போக்கில் மகள் கேட்டாள். "உன்னைப் பெத்தவளா இருந்தா இப்படிக் கொடுமைப்படுத்தியிருப்பியா?"

மருமகள் நிமிர்ந்தாள். அத்தையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"நிறுத்துடா நாற்காலியை" என்றாள் அம்மா. பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் குரல்.

இடது கை நடுங்க நடுங்க, முகத்திலிருந்த துண்டைக் கீழே இழுத்தாள்.

மேல் உதட்டிலும் தாடையிலும், நாலு நாள் சவரம் செய்யாத ஆண்பிள்ளைக்கு இருப்பதுபோல, நரையும் கறுப்புமாக ரோமம் முளைத்திருந்தது.



"உன்னைப் பெத்த வருஷத்துலேர்ந்து இருக்குடி. விடியறதுக்கு முன்னாடி எழுந்து நானே எடுத்துடுவேன். உங்கப்பாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. கை விழுந்தப்புறம், சாகலாம்னு இருந்தது எனக்கு. இவதான் கண்டுபிடிச்சா. பார்லருக்குப் போய், நூல் வெச்சு எடுக்கக் கத்துக்கிட்டு, வலிக்காம எடுக்க வரணும்னு தன் கால்லயே எடுத்து எடுத்துப் பழகினா."

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது, என் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியக் கூடாதுன்னு நான் அவகிட்ட சத்தியம் வாங்கினேன். அதைக் காப்பாத்தத்தான் அவ உங்ககிட்ட இத்தனை பேச்சு வாங்கினா."