பஸ் வராத ஓவியம்

ஓட்டலின் ஒப்பந்தம் இதுதான்: லாபியில் எல்லோரும் பார்க்க, சிவாஜிநகர் பஸ் நிலையத்தை ஓவியமாக வரைய வேண்டும். முடிக்கும்வரை ஓவியர் சவரிமுத்துவுக்கு அறையும் சாப்பாடும் இலவசம். முடித்த அன்றே கிளம்பிவிட வேண்டும்.

அவரோ காக்ஸ் டவுன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர். அதனால் பகலில் வரைந்த பஸ்ஸை, விடிந்ததும் ஆள் வருவதற்குள் டர்பன்டைன் துணியால் துடைத்துவிடுவார். கலைக்காகப் பட்டினி கிடந்தவர்கள் உண்டு. இவர் இட்லிக்காகக் கலையை அழித்தார்.

அன்று பாதி பஸ் அழிந்திருந்தபோது முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். மேனேஜர் பார்கவி.

“என்ன சார் பண்றீங்க?”

“சின்னத் திருத்தம் மேடம்.”

“ஓனர் இன்னிக்கு வர்றார். படம் முடிஞ்சிருந்தா மாலை போட்டு அனுப்பிடலாங்கறார்.”

“எனக்குப் போக இடமில்ல மேடம்.”

பார்கவி துணியைப் பிடுங்கினாள். தொலைந்தோம் என்று சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மீதி பஸ்ஸும் இல்லை.

“நீங்க வரையறத வேடிக்கை பாக்கத்தான் சார் ஜனம் இங்க வந்து காபி குடிக்குது. முடிஞ்ச படத்த யார் பாக்கறா? காபி ஷாப் படுத்துட்டா என் வேலையும் போயிடும். ஓனர்கிட்ட இன்னும் பஸ் வரலன்னு சொல்லிக்கறேன்.”

பார்கவி துணியை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“போன ஞாயித்துக்கிழமை நீங்க தூங்கிட்டீங்களே, அன்னிக்கு பஸ்ஸ மாதாவா வந்து அழிச்சாங்க?”

அப்படித்தான் நம்பி அவர் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தார்.