அதைத் தொட மாட்டேன்

"உன் கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில போடும்மா!"

மருந்து கம்பெனியின் பேக்கிங் ஹாலில், அத்தனை பேர் முன்னாலும் மருமகளைப் பார்த்துக் கத்தினார் மாமனார். கம்பெனியை ஆரம்பித்தவர் அவர். இப்போது நடத்துபவள் அவள்.

அவர் கத்தியதிலும் நியாயம் இருந்தது. குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப் பாட்டில்களோடு, பெரியவர்களின் இருமல் மருந்துக்கு வைத்திருந்த அளவு மூடிகள் போய்விட்டன. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான். ஆனால் பெரியவர்களின் மூடியில் இரண்டு மடங்கு மருந்து பிடிக்கும். டாக்டர் ஒரு மூடி என்று சொன்னால் அம்மா ஒரு மூடிதான் கொடுப்பாள். பிள்ளையின் வயிற்றுக்குள் போவது இரண்டு மூடி மருந்து.

காலையில் மூடிகளின் புது மூட்டையைப் பிரித்து, அளவைப் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அதற்குள் முந்தின நாள் பெட்டிகள் வேன் ஏறி, கடை கடையாகப் போய்ச் சேர்ந்துவிட்டன.

"எல்லாக் கடைக்கும் ஆள் அனுப்பு. நம்ம சிரப் மொத்தத்தையும் திரும்ப எடு. பேப்பர்ல விளம்பரம் கொடு. கம்பெனி பேர் நாறினா நாறட்டும். ஒரு குழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்" என்றார் மாமனார்.

"எல்லாக் கடையையும் சுத்தி முடிக்க நாலஞ்சு நாள் ஆகும் மாமா. அதுக்குள்ள குடிச்சுடுவாங்களே! எந்தப் பெட்டி எந்தக் கடைக்குப் போச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லும். அந்தக் கடைகளுக்கு இப்பவே போன் போட்டுடலாம்."

"சொல்லும், சொல்லும். ஜோசியம்கூடச் சொல்லும்!"

அவள் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டர் சொல்ல வேண்டுமென்றால், குடோனை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேனரால் அடித்திருக்க வேண்டும். அந்த ஸ்கேனர் வந்த அன்றே மாமனார் சபதம் போட்டுவிட்டார். "என் உசிரு இருக்கிற வரைக்கும் இந்தக் கருமத்தைக் கையால தொட மாட்டேன்!"

முதலாளியே தொடாததை நான் எதற்குத் தொடணும் என்று குடோன்காரரும் இருந்துவிட்டார். பாதிப் பெட்டிகளை அடிப்பார், மீதியை அப்படியே விட்டுவிடுவார். அவளும் கெஞ்சிப் பார்த்தாள், மிஞ்சிப் பார்த்தாள். கடைசியில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். மாமனாரோ அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வருவதில்லை. கேரியர்தான் கம்பெனிக்குப் போகிறது. "உன் மேல அவ்வளவு கோபம்" என்று மாமியார் அடிக்கடி சொல்லிக்காட்டுவாள்.

பாதிப் பெட்டிகளுக்கு விலாசம் இருக்காது. தெரிந்தேதான் கம்ப்யூட்டரைத் தட்டினாள். ஒரு பக்கம் குடோன்காரர், இன்னொரு பக்கம் மாமனார்.

திரை விரிந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் நேராகக் கடையின் பெயர். ஒன்றுகூட விடுபடவில்லை!

"அண்ணே, உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனே!"

குடோன்காரர் திருதிருவென்று விழித்தார். "இன்னிக்குப் பொய் சொன்னா வாய் அழுகிடும் மேடம். நான் பாதிதான் அடிச்சேன். சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா மீதியும் அடிச்சுக் கிடக்கும். தினமும் இதே கூத்துதான். நம்ம ஆளுங்க யாரோன்னு நானும் கண்டுக்கல."

"யார் அடிச்சா என்னய்யா? கதை பேசுற நேரமா இது? போனைப் போடுங்க!" என்று எரிந்து விழுந்தார் மாமனார்.

போட்டார்கள். ஆபீஸ் போன் போதாமல் பேக்கிங் பெண்களும் ஆளுக்கொரு செல்போனோடு உட்கார்ந்துவிட்டார்கள். "அந்தப் பெட்டியைப் பிரிக்காதீங்க சார்", "வேன் வந்துட்டே இருக்கு சார்" என்று ஹாலே அதிர்ந்தது. பொழுது சாய்வதற்குள் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வர வர அவற்றை ஸ்கேனரால் அடித்துக் கணக்கில் ஏற்றினாள் மருமகள். முக்கால்வாசி, ஒட்டின டேப்கூடப் பிரியாமல் வந்தன.

ஒரே ஒரு கடையில் மட்டும் ஒரு பாட்டில் விற்றுவிட்டது. அந்தக் கடைக்காரர் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு, வாங்கின வீட்டுக்கே ஓடியிருக்கிறார். பாட்டிலை வாங்கிப் பெட்டியில் வைத்து, தன் வண்டியிலேயே தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"அந்தம்மா பாட்டிலைத் திருகப் போறாங்க, நான் போய் நிக்கிறேன். குழந்தை சிரிச்சுட்டுப் படுத்திருக்கு மேடம்!"

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கம்பெனியே குடோன் வாசலில் கூடி நின்றது.

அதுதான் கடைசிப் பெட்டி. வழியில் நசுங்கி, லேபிள் சுருங்கிப்போயிருந்தது. ஸ்கேனரைப் பிடித்து அடித்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி அடித்தாள். ஊஹூம். திரையில் இன்னும் 'ஒரு பெட்டி பாக்கி' என்றே காட்டியது.

"அதான் பெட்டி கண்ணு முன்னாடி இருக்கே மேடம், விடுங்க" என்றார் குடோன்காரர்.

"இல்லண்ணே. இது படிச்சாத்தான் முடிஞ்ச மாதிரி."

இன்னொரு தடவை அடித்தாள். அப்போதும் அசையவில்லை.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் பின்னாலிருந்து கத்தினார் மாமனார்.

"நேராப் புடிச்சா அது படிக்காதும்மா! கொஞ்சம் சாய்ச்சுப் புடி. எனக்கும் தினமும் இப்படித்தான் மக்கர் பண்ணும்!"