கல்மரச் சேறு

பதினொரு வருஷமாக அந்தச் சிமென்ட் கதையை நான் முழுசாக நம்பியதில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை.

எங்களுடையது மூன்று தளம் உள்ள வாடகை வீடு. கீழே தையல்காரம்மா, நடுவில் கொத்தனார், அவருக்கு மேலே நானும் மனைவியும். மூன்று சமையலறைக்கும் கழிவுநீர்க் குழாய் ஒன்றுதான்.

எனக்கு அப்போது ஒரு கிறுக்கு இருந்தது. கல்மரம். எத்தனையோ லட்சம் வருஷம் மண்ணில் கிடந்து கல்லாகிப்போன மரம். துண்டுகளை ரப்பர் டப்பாவில் போட்டு, தண்ணீரும் உரசும் பொடியும் சேர்த்து, மோட்டாரில் ஒரு மாதம் விடாமல் உருட்டினால் கண்ணாடி மாதிரி மின்னும். வாரம் ஒருமுறை திறந்து கழுவி, அதைவிட நைசான பொடி போட வேண்டும்.

“என்னைவிட அந்த டப்பாவைத்தான் அடிக்கடி எட்டிப் பார்க்கிறார்” என்பாள் மனைவி.

அவள் இடுப்பெலும்பு அறுவை முடிந்து படுத்திருந்தாள். மூன்று மாதம் படி இறங்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, நாற்காலியோடு அவளை மேலே தூக்கி வர எனக்குத் தோள் கொடுத்தவர் கொத்தனார்தான்.

மூச்சு வாங்க நின்றவர், தட்டிலிருந்த கல்மரத் துண்டு ஒன்றை எடுத்து அதன் வளையங்களைத் தடவினார்.

“இது மரமா சார், கல்லா?”

“மரமா இருந்துச்சு. இப்போ கல்லு.”

“அப்போ இதை வெட்டுறது ஆசாரி வேலையா, என் வேலையா?”

மனைவி வலியோடு சிரித்தாள்.

அடுத்த வாரம் குழாய் அடைத்துக்கொண்டது. மேலிருந்து ஊற்றிய தண்ணீரெல்லாம் தையல்காரம்மா வீட்டுத் தொட்டியில் பொங்கி, தைத்து அடுக்கியிருந்த நாற்பது பள்ளிச் சீருடைகளை நாசமாக்கிவிட்டது.

வேலை முடிந்து நான் வந்தபோது வாசலில் கூட்டம். தரையில் கழற்றிப் போட்ட குழாய். பக்கத்தில் உடைந்து கிடந்தது சாம்பல் நிறக் கட்டி.

“என்னப்பா இது?”

“சிமென்ட் சார்” என்றார் பிளம்பர். “நடுவீட்டு மேஸ்திரி, கரண்டி, சட்டியெல்லாம் வீட்டுலயே கழுவியிருக்காரு. அவரே ஒத்துக்கிட்டாரு.”

வீட்டுக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார். “யார் செஞ்சாங்களோ அவங்க இந்த வாரத்துக்குள்ள காலி பண்ணணும்னு குழாயைக் கழட்டும்போதே சொல்லிட்டேன். பேச்சு மாறமாட்டேன்.”

கொத்தனார் தலைகுனிந்து நின்றார். அதோடு நான் விட்டிருக்கலாம்.

“முப்பது வருஷமா சிமென்ட்டுல புழங்குறீங்க. குழாய்ல ஊத்தினா இறுகிடும்னு தெரியாதா? மேல உடம்பு முடியாதவ ஒருத்தி படுத்திருக்காளேன்னு நினைப்பு வேண்டாம்?”

“தப்புதான் சார்.”

அவருடைய வலது கை இறுக மூடியிருந்தது.

“என்ன, கையை மடக்கிட்டு நிக்கிறீங்க? அடிக்கப் போறீங்களா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

“கரண்டியை வேலை செய்யற இடத்துலயே கழுவி, துடைச்சுப் பையில வச்சுக் கொண்டுவர்ற மனுஷனாச்சே. அவரா?” என்றாள் மனைவி.

“அவரே ஒத்துக்கிட்டாரு. நமக்கென்ன?”

அந்த வாரம் டப்பாவைத் திறந்து எண்ணினேன். பதினாலில் ஒன்று குறைந்தது. போன தடவை கழுவும்போது அடுப்புக்கடியில் உருண்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டப்பாவிலிருந்த சேற்றை வழக்கம்போலச் சமையலறைத் தொட்டியில் சாய்க்கப் போனவன், ஏனோ நின்று, பழைய வாளியில் ஊற்றி வைத்தேன்.

சில நாள் கழித்துப் பார்த்தால், வாளிக்குள் அடியில் இறுகிய அதே சாம்பல் நிறக் கட்டி.

வாளியோடு குப்பையில் போட்டேன். மெஷினைப் பரணில் ஏற்றினேன். அதன் சத்தம் மனைவிக்கு ஆகவில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னேன். குழாயில் கொத்தனார் சிமென்ட்டும் இருந்திருக்கும், இல்லாமலா ஒத்துக்கொள்வார் என்று பதினொரு வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன வாரம் சமையலறைக் குழாய் ஒழுகியது. அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக அதே பிளம்பர் வந்தார். இப்போது தலை முழுக்க நரை. பெட்டியைத் திறந்துவிட்டுச் சாவிக்கொத்தை மேடைமேல் வைத்தார்.

சாவிகளோடு, செம்புக் கம்பி சுற்றிய சின்னக் கல் ஒன்று. பழுப்பும் சிவப்புமாக வளையங்கள். நைசான பொடியைக் காணாத கல். அவர் சட்டைப்பையில் கிடந்தே மின்னியிருந்தது.

“இது ஏது?”

பிளம்பர் வெளியே எட்டிப் பார்த்தார். மனைவி மாடிப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

“அம்மாதான் நல்லா நடக்கிறாங்களே, இனிமே சொல்லலாம்” என்றார் மெதுவாக. “அன்னைக்குக் கட்டியை உடைச்சப்போ உள்ள இருந்துச்சு சார். மேஸ்திரி பார்த்ததும் எடுத்துக்கிட்டாரு. ‘சிமென்ட்னு சொல்லிடு. அந்தம்மாவால இப்போ படி இறங்க முடியாது’ன்னாரு. காலி பண்ணிட்டுப் போறப்போ இதை என்கிட்ட கொடுத்தாரு.”

குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. மனைவியின் காலடிச் சத்தம் வாசல்வரை வந்துவிட்டது. கல்லைத் தொடக் கை நீளவில்லை எனக்கு.

“நான் கத்தினப்போ அவர் மூடி வச்சிருந்த கையில... இதுதான் இருந்துச்சா?”