செய்யது பாயின் அகல டயர்

"பின்னாடி டயர் இன்னும் அகலமா வேணும். சைலன்ஸரையும் நல்லா மேல தூக்கி மாட்டிரு."

மெக்கானிக் சிவபாண்டி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஏற இறங்கப் பார்த்தான். கேட்டது காலேஜ் பையன் இல்லை. விருதுநகர் பஜாரில் பயறு கமிஷன் கடை வைத்திருக்கும் செய்யது அபுதாஹிர் பாய். வயது ஐம்பதை நெருங்குகிறது. நெற்றியில் போட்ட தையல் இன்னும் சரியாக ஆறவில்லை.

"பாய், இதெல்லாம் எளவட்டப் பயலுக கேக்குற ஐட்டம். உங்களுக்கு எதுக்கு?"

"இன்சூரன்ஸ் பணம் வந்துருக்குல்ல. ஆசப்பட்டதச் செஞ்சு பாப்போமே."

இன்சூரன்ஸ் கம்பெனி அதிசயமாக இருபதே நாளில் செக் அனுப்பியிருந்தது.

மல்லாங்கிணறு ரோட்டில் தை மாதம் போனவர்களுக்குத் தெரியும். பாதி ரோடு நமக்கு, பாதி ரோடு உளுந்துச் செடிக்கு. பறித்த செடியை ரோட்டில் பரப்பிவிட்டு ஆள் மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்து, காய்ந்த நெற்றை உடைத்து உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். கூலி கிடையாது. அப்படிக் கண்ணுச்சாமி என்பவர் பரப்பிய உளுந்தில்தான் பாயின் பைக் வழுக்கி மைல்கல்லில் மோதியது.

பாயின் மனைவி சுலைகா ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ரோடு என்ன அந்தாளு அப்பன் வீட்டுக் களமா? கேஸ் குடுங்க. சும்மா விட்டுறாதீக."

"பாத்துக்கிறேன் புள்ள."

"எப்பப் பாத்தாலும் இதையே சொல்லுங்க."

வண்டி வீடு வந்து சேர்ந்த சனிக்கிழமை தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பின்னால் தடியாய் ஒரு டயர். வானத்தைப் பார்த்து ஒரு சைலன்ஸர். போதாததற்கு, சிவபாண்டி தன் அன்பளிப்பாகப் பெட்ரோல் டேங்கில் சிவகாசியில் அச்சடித்த ராக்கெட் ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தான். சின்னப் பிள்ளைகள் விசில் அடித்தன. சுலைகா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

"பேரன் எடுக்குற வயசுல மைனர் வேஷமா? மண்டைய ஒடச்ச ஆள ஒரு வார்த்த கேக்கத் துப்பில்ல. டயர் மட்டும் வாங்கத் தெரியுது."

"நாளைக்குக் கடை லீவு. கண்ணுச்சாமியப் பாக்கப் போறோம். நீயும் வா, ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

சுலைகாவுக்கு நம்பவே முடியவில்லை. மறுநாள் காலையில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் என்னென்ன கேட்கவேண்டும் என்று முணுமுணுத்தபடியே வந்தாள்.

"நான் பேசுறேன். நீங்க குறுக்க வந்துறாதீக."

மல்லாங்கிணறு ரோடு துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு உளுந்துச் செடி இல்லை. ரோட்டோரத்தில் ஒரு மண் களம். அதில் செடியைப் பரப்பி, கண்ணுச்சாமியும் அவர் மனைவி பஞ்சம்மாளும் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஆள் உயரத்துக்கு அடிக்காத செடி போராகக் குவிந்து கிடந்தது. வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பாயைப் பார்த்ததும் கண்ணுச்சாமி கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

"பாய், தெரியாம நடந்துபோச்சு. கேஸ் மட்டும் வேணாம் பாய். இந்த உளுந்து வீடு வந்து சேந்துட்டா ஒங்க ஆஸ்பத்திரிச் செலவ நானே குடுத்துர்றேன். மழை முந்திக்கிட்டா அம்புட்டும் மொளச்சுப் போகும்."

சுலைகா பேச வாயைத் திறந்தாள். பஞ்சம்மாளின் உள்ளங்கைகளில் சுற்றியிருந்த துணி கண்ணில் பட்டது. இரண்டு துணியிலும் ரத்தம் கசிந்திருந்தது.

பாய் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். பைக் துள்ளிக்கொண்டு நேராக உளுந்துச் செடிக்குள் பாய்ந்தது.

"ஐயோ, வயித்துல அடிக்காரே!" பஞ்சம்மாள் நெஞ்சில் கைவைத்து அலறினாள்.

கண்ணுச்சாமி கும்பிட்ட கையை இறக்கக்கூட மறந்து நின்றார். பைக் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் செடிமேலேயே ஏறியது. டயருக்குக் கீழே நெற்றுகள் படபடவென்று உடைந்தன.

"என்னங்க, நிறுத்துங்க!" சுலைகா அவர் முதுகில் மாறி மாறிக் குத்தினாள். "பாவங்க அவுக! கேசும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். திருப்புங்க, வீட்டுக்குப் போயிருவோம்!"

பாய் காதில் வாங்கினால்தானே? ஐந்து சுற்று, ஆறு சுற்று. ஊர்க் கோயில் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறிய பிள்ளை மாதிரி அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எட்டாவது சுற்றில் காலை ஊன்றி நிறுத்தினார். குனிந்து ஒரு கை அள்ளி, தூசியை ஊதிவிட்டுப் பார்த்தார். உள்ளங்கை நிறையக் கறுகறுவென்று உளுந்து.

"கேஸுக்குப் பயந்து ரோட்டுல பரப்பாம, கையால அடிக்கிறீகன்னு கடைக்கு வந்தவுக சொன்னாக. அதான் டயர அகலமாக்கி, செடியில சூடு படாம சைலன்ஸரத் தூக்கி மாட்டி, வண்டியக் களத்துக்கே கொண்டாந்துட்டேன். செடியச் சட்டுனு திருப்பிப் போடுங்க அண்ணாச்சி, மழைக்குள்ள முடிச்சிருவோம். ஏ சுலைகா, நீ எங்க எறங்குற? உக்காரு புள்ள, உன் வெயிட்டும் வேணும்!"