ஈரம் காயும்வரை

பிராங்பேர்ட்டில் ஓர் அருங்காட்சியகத்தின் பின்னறை. எண்பத்தேழாம் ஆண்டு, மார்ச் மாதத்துப் பிற்பகல் வெயில் உயரமான யன்னல் வழியாக நீண்ட மேசையில் விழுகிறது. மேசைமேல் ஹவாய்த் தீவின் பழைய மரப்பட்டைத் துணியொன்று, காய்ச்சிய பாலின் ஆடைபோல மெல்லியதாக விரிந்து கிடக்கிறது. முன்னால் நிற்கும் புவலானி இதைப் பார்க்கவென்றே அந்தத் தீவிலிருந்து வந்தவள். பட்டையை அடித்துத் துணியாக்குவது அங்கே நின்றுபோய் நூறு வருடமாகிறது; சொல்லித்தர ஆளில்லை, துணிதான் சொல்லவேண்டும். வெறுங்கையால் தொடக்கூடாதென்று காப்பாளர் மாட்டிவிட்ட வெள்ளைக் கையுறைக்குள் அவள் விரல்களுக்கு எதுவும் பிடிபடவில்லை. வாசலில் தரை துடைக்கும் மரியமலர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

தொலைபேசி மணி கேட்டுக் காப்பாளர் வெளியே போகிறார். புவலானி கையுறையைக் கழற்றி, கண்ணை மூடி, பட்டையை அடித்த கட்டை பதித்த வரிகளை வெறும் விரலால் மெல்லத் தடவுகிறாள். மன்னாரில், ஒருமுறை தொட்டுப்பார்க்கவும் அண்ணனின் சவப்பெட்டியைத் திறக்கவிடாத அந்தக் காலை மரியமலரின் நெஞ்சில் வந்து நிற்கிறது. நடையில் காப்பாளரின் சப்பாத்துச் சத்தம் நெருங்குகிறது. கண்டும் பேசாதிருந்தது தெரிந்தால் வேலை போய்விடும். அவள் கதவைப் பாதி சாத்தி, வாளியைச் சரித்து, வாசல் முழுக்கத் தண்ணீர் விடுகிறாள். ஈரத் தரையில் கால்வைக்காத காப்பாளர் அப்பால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

“அக்கா, உந்தத் தரையை இப்பத்தானே துடைச்சனீங்கள்?” என்கிறான் கூட வேலை செய்யும் இன்னாசித்தம்பி.

“ஓம் தம்பி,” என்று துடைப்பானை மறுபடி நனைக்கிறாள் மரியமலர். “இன்னொருக்கால் துடைக்கவேணும்.”