பச்சைக் கோடு

விஜயபாண்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும், அதில் கணக்கு எழுதும் கயல் அவன் தோளருகே வந்து நின்றுகொண்டாள்.

கேமரா வைத்த நாளிலிருந்து ஏலக்காய்க் கிட்டங்கியில் கம்ப்யூட்டரில் போடும் பாட்டு திக்கித் திக்கித்தான் ஓடுகிறது. பாட்டு நிற்காமல் ஓடினால் காய் பொறுக்கும் கையும் ஓடும் என்பது முதலாளி கர்ணனின் நம்பிக்கை. உத்தமபாளையத்திலிருந்து மெக்கானிக் விஜயபாண்டியை அனுப்பிவிட்டார்.

இடத்தில் ஆள் இல்லை என்று கேமராவில் பார்த்துத்தான் போன மாதம் மொக்கம்மாளை வேலையை விட்டு நிறுத்தினார்.

இப்போது மலையம்மாளின் இடம் காலியாக இருந்தது. சாக்கு அடுக்குக்குப் பின்னால், முதலாளிக்குத் தெரியாமல் கொண்டுவந்த நாலு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

விஜயபாண்டி திரையில் ஒரு சின்னக் கட்டத்தைத் திறந்தான். அதில், கம்ப்யூட்டர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பச்சைக் கோடு ஒன்று தரையோடு ஊர்ந்தது.

சட்டென்று கோடு உச்சிக்கு ஏறியது. பாட்டு திக்கியது.

மலையம்மாள் மாராப்பைச் சரிசெய்துகொண்டே ஓடிவந்து முறத்தின் முன்னால் உட்கார்ந்தாள். விஜயபாண்டி திரும்பிப் பார்க்கவில்லை.

“இந்தா பாரு தங்கச்சி, மொதலாளி வீட்ல இருந்து கேமராவத் தொறந்து பாக்குறாக. மெசினு இருக்குற தெம்பையெல்லாம் அதுக்கே குடுத்துருது. பாட்டுக்கு மூச்சு முட்டுது.”

“இப்படியே இருந்துட்டுப் போகட்டுமேண்ணே” என்றாள் கயல்.

“ஏன், திக்குற பாட்டு மேல அம்புட்டு ஆசையா?”

சிரித்துக்கொண்டே எதையோ இரண்டு தட்டுத் தட்டினான். கோடு உச்சியிலேயே நின்றது. பாட்டு மட்டும் தெளிந்து ஓடியது.

அவன் போன பிறகும் ஓடியது. ஒரு இடத்திலும் திக்கவில்லை.

காய் பொறுக்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி பார்க்கிறாரா, இல்லையா? இனி யாருக்குத் தெரியும்?

சாக்குக்குப் பின்னால் பிள்ளை சிணுங்கியது. மலையம்மாள் எழுந்திருக்கவில்லை. அவள் ரவிக்கை நனைந்திருந்தது.

கயல் அந்தச் சின்னக் கட்டத்தைத் தேடித் திறந்தாள். கோடு தரையோடு கிடந்தது. மலையம்மாளைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் எழுந்து ஓடினாள்.

கயலுக்கு நாக்கு வறண்டது. தண்ணீர்க்குடம் பத்தடி தள்ளித்தான் இருந்தது. அவள் அசையவில்லை.

கோடு மெல்ல நடுங்கியது. பிறகு ஒரேயடியாக ஏறியது.

பாட்டு பழையபடியே திக்கியது.

மலையம்மாள் ஓடிவந்து முறத்தைக் கையிலெடுத்த பிறகுதான், கயல் பாட்டை நிறுத்தும் பொத்தானை விட்டுவிட்டு அமுக்கிக்கொண்டிருந்த விரலை எடுத்தாள்.